ஒரே இடி, இரண்டு வலி

கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொள்ளாதவர் யார்? இடித்த கணமே 'சுருக்'கென்று ஒரு வலி, எந்த இடம் என்று விரல் வைத்துக் காட்டிவிடலாம். காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, 'ஐயோ, இனிமேல்தான் இருக்கு' என்று பல்லைக் கடிக்கும்போது இரண்டாவது வலி வந்து சேரும். இது எரியும், பரவும், லேசில் விடாது.

இரண்டும் வேறு வேறு நரம்பிழைகளில் வருகின்றன. முதல் வலியைக் கொண்டுவரும் ஏ-டெல்டா இழைகளுக்கு மயலின் என்ற கொழுப்பு உறை மெல்லிதாகச் சுற்றியிருக்கும், அதனால் செய்தி நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் ஓடும். இரண்டாவது வலியைக் கொண்டுவரும் சி இழைகளுக்கு உறையே கிடையாது, ரொம்ப மெலிசு வேறு, நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டாது. விரலிலிருந்து முதுகுத்தண்டு வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், பல்லைக் கடிக்கும் அந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

'சுருக்', 'எரிச்சல்' என்று நாம் பிரித்துச் சொல்வது வெறும் வர்ணனை இல்லை. ரொனால்ட் மெல்சாக் என்ற கனடா உளவியலாளர் 1975-இல் வலியை அளக்க ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார். அதில் இருந்தவை 78 சொற்கள், 20 குழுக்களாக. எவ்வளவு வலி என்பதோடு எப்படிப்பட்ட வலி என்றும் கேட்டதுதான் அதன் சிறப்பு.

நம்மிடம் என்ன சொல் இல்லை! குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, விண்விண், மதமதப்பு. சர்க்கரை நோயில் நரம்பு கெட்டவர்கள் பாதம் எரிகிறது என்பார்கள், தொட்டால் சூடே இருக்காது. சூட்டைச் சொல்லவேண்டிய நரம்பு தானாகவே செய்தி அனுப்புகிறது. குடல் அடைபட்டால் 'பிசையுது' என்பது எவ்வளவு பொருத்தம், குடல் உண்மையிலேயே விட்டுவிட்டுச் சுருங்குகிறது. முழங்கையை இடித்தால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி இருக்கிறதே, அடிபட்டது அங்கே தோலுக்குக் கீழேயே ஓடும் அல்நார் நரம்பு.

மாரடைப்புதான் ஏமாற்றும். இதயத்தின் செய்தியும் கையின் செய்தியும் முதுகுத்தண்டின் ஒரே பகுதிகளில் நுழைவதால் மூளைக்கு இடம் குழம்புகிறது, இடது கை, தாடை என்று எங்கெங்கோ காட்டும். பலர் அதை வலி என்றே சொல்லமாட்டார்கள். 'நெஞ்சு பாரமா இருக்கு', 'அழுத்துது', அவ்வளவுதான். 'வலியெல்லாம் இல்ல, வெறும் அழுத்தம்தான்' என்று யாராவது படுக்கப் போனால் தயவுசெய்து விடாதீர்கள், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.