குரல் முடியும்வரை கற்பவரைக் கட்டிப்போடாதீர்கள்

இன்னொரு பயிற்சித் தொகுப்பு சரிபார்ப்புக்கு வந்திருக்கிறது. மருத்துவமனைச் செவிலியர்களுக்கான கைச் சுகாதாரப் பயிற்சி. ஸ்லைடு திறந்ததுமே இசையோடு குரல் தொடங்கிவிடுகிறது. நிறுத்துவதற்குப் பொத்தான் இல்லை. ‘அடுத்து’ பொத்தான் சாம்பல் நிறத்தில் முடங்கிக் கிடக்கிறது. குரல் ஓய்ந்தால்தான் அதற்கு உயிர் வரும். நோயாளிகள் உறங்கும் வார்டில், இரவுப் பணியின் நடுவே இதைத் திறக்கப்போகிற செவிலியரை யாராவது நினைத்துப் பார்த்தார்களா? மின்கற்றல் வடிவமைப்பையே தொழிலாகச் செய்கிற எனக்கு இதே குறையைத் திரும்பத் திரும்பச் சுட்டி அலுத்துவிட்டது.

கேட்டால் வருகிற பதில் எப்போதும் ஒன்றுதான்: “பூட்டி வைக்காவிட்டால் யாரும் முழுதாகக் கேட்க மாட்டார்கள்.”

பூட்டி வைத்தாலும் கேட்க மாட்டார்கள். ஒலியைக் குறைத்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார்கள். குரல் முடிந்திருக்கும் என்று தோன்றும்போது வந்து ‘அடுத்து’ அழுத்துவார்கள். உங்கள் பதிவேட்டில் ‘முடித்தார்’ என்று விழும். அது ஒலிக்கோப்பு ஓடி முடிந்ததற்குச் சான்று. மனிதர் கற்றதற்கு அல்ல. பத்தாண்டு அனுபவமுள்ள செவிலியரும் நேற்றுச் சேர்ந்தவரும் ஒரே வேகத்தில் நகர வேண்டும் என்று எதற்காகக் கட்டாயப்படுத்துகிறீர்கள்? முன்னவருக்குத் தாவிச் செல்ல வழி வேண்டும். பின்னவருக்கு ஒரு வாக்கியத்தை மறுபடி கேட்க வழி வேண்டும். பூட்டு இரண்டையும் தருவதில்லை. கற்றாரா என்று தெரிய வேண்டுமென்றால் கேள்வி கேளுங்கள்: “நோயாளியைத் தொடவில்லை, கட்டிலருகே இருந்த டிரிப் ஸ்டாண்டை மட்டும் நகர்த்தினீர்கள். கையைச் சுத்தம் செய்ய வேண்டுமா?” உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து தருணங்களில் கடைசியான, நோயாளியின் சுற்றுப்புறத்தைத் தொட்ட பின் என்பது புரிந்தவர் மட்டுமே இதற்குக் காரணத்தோடு விடை சொல்வார்.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டுமல்ல. கல்வி உளவியல் ஆய்வாளர்களான ரிச்சர்ட் மேயரும் பால் சாண்ட்லரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், மின்னல் உருவாகும் விதத்தை விளக்கும் குரலோடு கூடிய அனிமேஷனை 16 துண்டுகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு துண்டின் முடிவிலும், தயாரானதும் அழுத்த ஒரு பொத்தான். ஒரே ஓட்டமாகப் பார்த்தவர்களைவிட, தம் வேகத்தில் பார்த்தவர்களே கற்றதைப் புதிய கேள்விகளுக்குப் பொருத்திப் பார்ப்பதில் சிறந்தார்கள். கட்டுப்பாட்டைக் கற்பவர் கையில் கொடுத்ததால் கற்றல் கெடவில்லை, கூடியது.

பார்வையற்றவர்களின் நிலைமை இன்னும் மோசம். ஸ்கிரீன் ரீடர் திரையைப் படித்துச் சொல்லும்போது உங்கள் குரல் அதன்மேல் ஏறிப் பேசுகிறது. நிறுத்தும் பொத்தான் எங்கே என்பதையும் அந்த ஸ்கிரீன் ரீடர்தான் சொல்லியாக வேண்டும்! “கணினியின் ஒலியைக் குறைத்துக்கொள்ளட்டுமே” என்கிறார்கள். குறைத்தால் ஸ்கிரீன் ரீடரும் சேர்ந்து அடங்கிவிடும். அதனால்தான் 2008இல் வந்த டபிள்யூசிஏஜி 2.0, அதாவது இணைய உள்ளடக்கத்தை எல்லோரும் அணுகும்படி செய்வதற்கான வழிகாட்டி விதிகள், தானாகத் தொடங்கி 3 விநாடிக்கு மேல் ஒலிக்கும் எதற்கும் நிறுத்தும் வழியோ, கணினி ஒலியளவைத் தொடாமல் அதை மட்டும் குறைக்கும் வழியோ வேண்டும் என்கின்றன. இது மிக அடிப்படையான ஏ நிலை விதி.

போதாக்குறைக்கு, 2018 முதல் குரோம் உலாவி, பயனர் பக்கத்தில் எதையாவது தொடும்வரை ஒலியோடு தானாக இயங்குவதைப் பொதுவாகத் தடுக்கிறது. முதல் ஸ்லைடில் குரலும் வராமல், குரல் முடிவதற்காகக் காத்திருக்கும் ‘அடுத்து’ பொத்தானும் திறக்காமல், கற்பவர் வாசலிலேயே நிற்கிறார்.

தொட்டால் மட்டும் ஒலிக்கும்படி பொத்தான் வைத்தவர்களும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். இதே தொகுப்பின் இன்னொரு ஸ்லைடில் ஐந்து தருணங்களுக்கும் ஐந்து படங்கள். தொட்டால் விளக்கம் ஒலிக்கும். முதல் படத்தைத் தொட்டு, அது பேசி முடிப்பதற்குள் இரண்டாவதைத் தொட்டேன். இரண்டு குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று. மூன்றாவதையும் தொட்டபோது சந்தை இரைச்சல். ஸ்டோரிலைன் என்ற பாடம் தயாரிக்கும் மென்பொருளில் செய்கிறவர்களே, லேயரில் (ஸ்லைடின்மேல் தோன்றும் அடுக்கில்) குரல் வைத்தால், அடித்தள ஸ்லைடின் டைம்லைனை (ஓட்டத்தை) நிறுத்திவைக்கும் தேர்வை அந்த லேயரின் பண்புகளில் போடுங்கள். எல்லா ஒலியும் ஒரே தளத்தில் இருந்தால், ஒவ்வொரு பொத்தானிலும் முதலில் மற்றவற்றை நிறுத்தும் டிரிகர் (அழுத்தினால் இயங்கும் கட்டளை), அப்புறம் இதை இயக்கும் டிரிகர். வரிசை மாறக் கூடாது. பவர்பாயிண்டில் ‘தானாக’ என்பதை மாற்றி ‘சொடுக்கும்போது’ என்று வையுங்கள். ஒலிச் சின்னத்தை ஸ்லைடுக்கு வெளியே இழுத்து ஒளிக்காதீர்கள்.

மற்றவை சுருக்கமாக. இயக்கு, நிறுத்து, மீண்டும் கேள், ஒலியளவு ஆகிய நான்கும் எல்லா ஸ்லைடிலும் ஒரே இடத்தில் இருக்கட்டும், விசைப்பலகையாலும் இயங்கட்டும். பொத்தானுக்கு ஸ்கிரீன் ரீடர் படிக்கும்படி பெயர் கொடுங்கள். ‘படம் 14’ என்று விட்டுவிடாதீர்கள். பின்னணி இசை வேண்டவே வேண்டாம். திரையில் உள்ள பத்தியை அப்படியே வாசிக்கவும் வேண்டாம்; குரல் பாதி வருவதற்குள் கண் படித்து முடித்துவிடும். குரல் படத்தை விளக்கட்டும்.

காது கேளாதவர்களுக்காக, ஹெட்போன் இல்லாதவர்களுக்காக, ஒவ்வொரு குரலுக்கும் உரைவடிவம் வைத்துவிடுங்கள், தயவுசெய்து. குரல் பதிவுக்கு எழுதிய பிரதி உங்களிடம்தானே இருக்கிறது? பதிவின்போது மாறிய சொற்களை மட்டும் திருத்தி, ‘உரையைக் காட்டு’ என்ற பொத்தானுக்குப் பின்னால் வையுங்கள். அந்த இரவுப் பணிச் செவிலியர் ஒலியை ஒரு தடவைகூடத் தொடாமல் பாடத்தை முடித்துத் தேர்வையும் எழுத முடிகிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு அனுப்புங்கள்.