அன்கம்பென்சேட்டட் கேர்: தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்க மருத்துவமனைகளின் கணக்கு வழக்கைப் பற்றிப் படித்தால் இந்தச் சொல் கண்ணில் படாமல் இருக்காது. காப்பீடு இல்லாதவருக்கோ, காப்பீடு இருந்தும் தன் பங்கைக் கட்ட முடியாதவருக்கோ வைத்தியம் பார்த்து, நோயாளியிடமிருந்தும் பணம் வராமல், காப்பீட்டு நிறுவனத்திடமிருந்தும் வராமல் போனால் அந்தத் தொகை இந்தத் தலைப்பில்தான் ஏறும். 'இலவச சிகிச்சை' என்று எழுதிவிடத் தோன்றும். எழுதாதீர்கள், அது பாதிதான் சரி.

கம்பென்சேட் லத்தீனிலிருந்து வந்தது; ஒன்றுக்கு எதிராக இன்னொன்றை வைத்து எடைபோடுவது என்பது அதன் வேர்ப்பொருள். தமிழில் இதற்கு அச்சாகப் பொருந்துவது 'ஈடு'. சமம் என்ற பொருளும் அதில் உண்டு, நஷ்டஈட்டில் வரும் பொருளும் உண்டு. ஆனால் 'ஈடில்லாச் சிகிச்சை' என்றால் நிகரற்ற சிகிச்சை என்று அர்த்தம் மாறிவிடும், அதனால் 'ஈடுபெறாச் சிகிச்சை' என்பதே என் தேர்வு.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? இரண்டு தொகைகள். ஒன்று சாரிட்டி கேர், அதாவது இவரால் கட்ட முடியாது என்று மருத்துவமனையே ஏற்றுக்கொண்டு தள்ளுபடி செய்தது. இதை 'அறச்சிகிச்சை' எனலாம். மற்றது பேட் டெப்ட், வங்கிச் செய்திகளில் நமக்குப் பழகிய அதே 'வாராக்கடன்'. இதில் யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. பில் அனுப்பி, நினைவூட்டி, சில சமயம் வசூல் ஏஜென்சியிடம் ஒப்படைத்து, அப்படியும் வராத பணம். ஒரே வருமானம், ஒரே கால் முறிவு, ஆனால் உதவி விண்ணப்பத்தை நிரப்பியவர் முதல் கணக்கிலும், அப்படி ஒரு விண்ணப்பம் இருப்பதே தெரியாதவர் இரண்டாவதிலும் போய்ச் சேரலாம். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லும்போது, கடன் நோட்டீஸ் வாங்கிய மனிதரும் தர்மம் பெற்றவராகத் தெரிகிறார், இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

1986-இல் வந்த எம்டாலா என்ற அவசரச் சிகிச்சைச் சட்டப்படி, முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் சேர்ந்துள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வருபவரைப் பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து, ஆபத்தான நிலை என்றால் அதைச் சீராக்க வேண்டும். செலவை யார் தருவது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஏழை நோயாளிகள் அதிகம் வரும் மருத்துவமனைகளுக்கு, குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்ட் வழியாகக் கூடுதல் தொகை கிடைக்கிறது, அப்புறம் சில மாநிலங்கள் தனி நிதி வைத்திருக்கின்றன, மீதி மருத்துவமனையின் தலையில்தான்.

வரிவிலக்கு பெற்ற லாபநோக்கற்ற மருத்துவமனைகளுக்கு ஒபாமாகேர் என்று அழைக்கப்படும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் சில கடிவாளங்கள் போட்டது. யாருக்கு எவ்வளவு தள்ளுபடி என்ற உதவிக் கொள்கையை எழுத்தில் வெளியிட வேண்டும், தகுதி உள்ளவரிடம் முழுப் பட்டியல் விலையைக் கேட்கக் கூடாது. சிகிச்சை முடிந்து முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாள் வரை இந்த உதவிக்கு விண்ணப்பிக்கலாம், வசூல் ஏஜென்சிக்குப் போன பிறகும்கூட.