காரிமங்கலம் தாண்டியதும் கால் ஏன் நின்றுபோகிறது?

தருமபுரியில் கிருஷ்ணகிரி பஸ் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தால் காரிமங்கலம், காவேரிப்பட்டணம் எல்லாம் அரைத் தூக்கத்திலேயே போய்விடும். மொத்தம் நாற்பத்தைந்து கிலோமீட்டருக்குப் பக்கம். மாரத்தான் 42.195 கிலோமீட்டர், அதாவது கிருஷ்ணகிரி ஊருக்குள் நுழைவதற்குக் கொஞ்சம் முன்னால் இறக்கிவிட்ட மாதிரி. அந்த விநோதமான 195 மீட்டர் எங்கிருந்து வந்தது என்றால், 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது, 1921இல் அதையே எல்லோருக்கும் அளவாக வைத்துவிட்டார்கள்.

இந்தத் தூரத்தை ஓடப் போகிறேன் என்று போன வருஷம் ஊர் முழுக்கச் சொல்லிவைத்தேன். காரணம் காசு. எங்கள் பக்கத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம், பிள்ளைகள் சிரித்தால் பல்லில் கறை தெரியும். காய்ச்சினாலும் அது போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவுதான் ஆகும். பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு ஆர்.ஓ. கருவி வாங்கலாம் என்று நண்பர்கள் முடிவு செய்தோம். சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் எல்லோரிடமும் போய், நான் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பத்து ரூபாய் தாருங்கள் என்று கேட்டேன். அதற்கு முன் நான் தொடர்ச்சியாக ஓடிய அதிகபட்ச தூரம், பஸ்ஸைப் பிடிக்க ஓடியதுதான்.

நான்கு மாதப் பயிற்சிக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிகாலை நாலு மணிக்கு, தருமபுரியிலிருந்து காவேரிப்பட்டணம் பக்கமாக 32 கிலோமீட்டர் ஓடிப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். மச்சான் தண்ணீர் பாட்டிலோடு வண்டியில் பின்னால் வந்தான். வெறும் வயிறு, வேகம் அபாரம், காரிமங்கலம் வரைக்கும் பறந்தேன் என்றே சொல்லலாம். அது தாண்டி ஆறேழு கிலோமீட்டரில், யாரோ உள்ளே சுவிட்சை அணைத்த மாதிரி, கால் நின்றுவிட்டது. மூச்சு வாங்கவில்லை, வலியும் பெரிதாக இல்லை, ஆனால் கால் வரவில்லை. அதோடு காரணமே இல்லாமல் அழுகை வேறு வந்தது. மச்சான் பயந்துபோனான்.

உலகம் முழுக்க ஓட்டக்காரர்கள் இதைச் சுவரில் மோதுவது என்கிறார்கள். பெரும்பாலும் முப்பதாவது கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும். ஏன் அங்கே என்பதற்கு விடை வெறும் கூட்டல் கழித்தல்தான்.

ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் ஓட்டிச் செல்ல ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும் (பிஸ்கட் பாக்கெட்டில் போட்டிருக்கிறதே, அந்தக் கலோரி). என் எடை 68 கிலோ. ஆக மாரத்தானுக்கு 2,870 கலோரி வேண்டும். உடம்பில் இருப்பு இரண்டு வகை. கொழுப்பு மலை மாதிரி கிடக்கிறது, பத்து கிலோ கொழுப்பு இருந்தால் 77,000 கலோரி, இருபத்தைந்து மாரத்தானுக்கு மேல் ஓடலாம். இன்னொன்று கிளைகோஜன், சர்க்கரையை உடம்பு கோத்துக் கட்டிச் சேமித்துவைக்கும் வடிவம். தசைகளில் 400 கிராம், கல்லீரலில் 100 கிராம் அளவில் இருக்கும். கிராமுக்கு நாலு கலோரி, மொத்தம் 2,000.

கொழுப்பு இவ்வளவு இருக்கும்போது அதையே எரித்துக்கொண்டு ஓட வேண்டியதுதானே? அடுப்பு மூட்டியவர்களுக்கு இது புரியும். கொழுப்பு கனத்த விறகு, சர்க்கரை காய்ந்த தென்னை ஓலை. விறகு நின்று எரியும், ஆனால் சட்டென்று பெரிய தீ வராது. கொழுப்பை உடம்பின் ஓரத்திலிருந்து ரத்தத்தில் ஏற்றி, தசைக்குள் இறக்கி, அங்கே மைட்டோகாண்ட்ரியா என்ற குட்டி அடுப்புகளுக்குள் கொண்டுபோய் எரிக்க வேண்டும், அதே அளவு சக்திக்குச் சர்க்கரையைவிட ஆக்சிஜனும் கூடுதலாக வேண்டும். மெதுவாக ஓடினால் இரண்டும் பாதிக்குப் பாதி எரியும். வேகம் ஏற ஏற உடம்பு ஓலையை அள்ளிப் போட ஆரம்பித்துவிடும். பாதிக்குப் பாதி என்றால் எனக்குச் சர்க்கரைச் செலவு 1,435 கலோரி, இருப்புக்குள் அடங்குகிறது. எண்பது சதவீதம் சர்க்கரை என்றால் 2,296, துண்டு விழுகிறது. அன்றைக்கு நான் காரிமங்கலம் வரை பறந்தது இந்தக் கணக்கில்தான்.

இதில் ஒரு கொடுமையான விதி வேறு இருக்கிறது. ஒரு தசையில் இருக்கும் கிளைகோஜனை இன்னொரு தசைக்குக் கடன் கொடுக்க முடியாது. அதைத் திரும்பச் சர்க்கரையாக்கி ரத்தத்தில் விடுவதற்கு ஒரு நொதி தேவை, அது கல்லீரலில் உண்டு, தசையில் கிடையாது. கையிலும் தோளிலும் சரக்கு அப்படியே இருக்க, தொடையில் காலியாகிவிடும். ரத்தத்துக்குச் சர்க்கரை அனுப்புவது கல்லீரலின் அந்த 100 கிராம்தான், மூளையும் அதை நம்பித்தான் இருக்கிறது. ராத்திரி தூங்கும்போதே அதில் பெரும்பகுதியை உடம்பு செலவழித்துவிடும். வெறும் வயிற்றில் கிளம்பியவன் நடுரோட்டில் நின்று அழுததற்கு இப்போது காரணம் தெரிகிறதல்லவா?

1924இல் பாஸ்டன் மாரத்தான் முடித்தவர்களின் ரத்தத்தை எடுத்துப் பார்த்த மருத்துவர்கள், துவண்டு கிடந்தவர்களுக்குச் சர்க்கரை அளவு இறங்கியிருந்ததைக் கண்டார்கள். அடுத்த வருஷம் வழியிலேயே மிட்டாய் கொடுத்துப் பார்த்தார்கள், ஓடியவர்கள் நல்ல நிலையில் முடித்தார்கள். தசைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியத்தான் இன்னும் நாற்பது வருஷம் ஆனது. 1966இல் ஸ்வீடனில் பெர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் என்ற இருவர், தங்களையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டார்கள். ஒரே உடற்பயிற்சி சைக்கிளின் இரு பக்கமும் ஆளுக்கொருவராக இருந்து, ஒற்றைக் காலால் மட்டும் களைத்துப் போகும்வரை மிதித்தார்கள், மற்றக் கால் சும்மா. அப்புறம் மூன்று நாள் மாவுச்சத்துச் சாப்பாடு. தொடையில் ஊசி விட்டுத் துளித் தசை எடுத்துப் பார்த்தால், மிதித்த காலில் கிளைகோஜன் ஏறக்குறைய இரண்டு மடங்காக ஏறியிருந்தது. சும்மா இருந்த காலில் பெரிய மாற்றமில்லை. ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஆனால் உழைத்த கால் மட்டும்தான் சேர்த்துவைத்தது. எனக்கு இதுவரை படித்த சோதனைகளிலேயே பிடித்தது இதுதான்.

பெங்களூரில் நடந்த மாரத்தானுக்கு மூன்று நாள் முன்பிருந்து நானும் சோற்றைக் கட்டு கட்டென்று கட்டினேன். எங்கள் ஊர்க்காரனுக்குக் களிதானே பலம் என்று அம்மா விடவில்லை. சரிதான், கேழ்வரகில் மாவுச்சத்து நிறைய, பயிற்சி நாட்களில் களிதான் என்னை ஓட்டியது. ஆனால் நார்ச்சத்தும் அதிகம், குடலில் நின்று நிதானமாகச் செரிக்கும். ஓட்டத்துக்கு முதல் நாள் வயிற்றில் பாரம் வேண்டாம் என்று வெள்ளைச் சோற்றுக்கு மாறிக்கொண்டேன். எடை ஒன்றரைக் கிலோ ஏறியது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் மூன்று கிராம் அளவில் தண்ணீரையும் கூடவே பிடித்துவைக்கும், அதனால் பயப்பட வேண்டியதில்லை.

வழியில் தின்னவும் வேண்டும். குடல் ஒரு மணி நேரத்தில் 60 கிராம் அளவுக்குத்தான் குளுக்கோஸை உள்ளே விடும். ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை வேறொரு வாசல் வழியாகப் போவதால் இரண்டும் கலந்து கொடுத்தால் 90 வரை போகலாம். வெல்லத்தில் பெரும்பகுதி சுக்ரோஸ், அது உடைந்தால் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் பாதிக்குப் பாதி. கடையில் விற்கும் விலை உயர்ந்த சர்க்கரை ஜெல் பாக்கெட்டுக்குப் பதில் அச்சுவெல்லத்தைச் சின்னச் சின்னதாக உடைத்து இடுப்புப் பையில் போட்டுக்கொண்டேன். பத்து கிலோமீட்டரில் பை பூராவும் பிசுபிசு, அது ஒன்றுதான் குறை.

பயிற்சி என்ன செய்கிறது என்று கேட்டால், முக்கியமாக அடுப்பைப் பெரிதாக்குகிறது. 1967இல் ஹாலோசி என்பவர் எலிகளை வாரக்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்தபோது, தசையில் ஆக்சிஜனை வைத்து எரிக்கும் மைட்டோகாண்ட்ரியா நொதிகள் இரட்டிப்பாகியிருந்தன. அடுப்பு பெரிதானால் அதே வேகத்திலும் விறகு கூடுதலாக எரியும், ஓலை மிச்சமாகும். இதற்கு மெதுவாக நிறைய நேரம் ஓட வேண்டும், பக்கத்தில் ஓடுபவரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே ஓடும் அளவு மெதுவாக. இதை நம்பவே எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. செலவாகும் சக்தியில் முக்கால் பங்கு வெறும் சூடாகத்தான் போகிறது. வியர்வை ஒரு லிட்டர் ஆவியானால் 580 கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும், தரையில் சொட்டிய வியர்வைக்கு அந்தப் பலன் கிடையாது. அதனால்தான் மாங்காய் சீசனில் நாலு மணிக்கு ஓடுவது. அதற்காகக் குடம் குடமாகக் குடிக்கவும் கூடாது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பார்த்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது, அவர்களில் பலர் ஓடும்போது எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்கள். சோடியம் மிகவும் இறங்கினால் மூளை வீங்கும், உயிருக்கே ஆபத்து. தாகம் எடுத்தபோது குடித்தேன், முடித்தபின் உப்புப் போட்ட மோர்.

அத்தையிடம் காசு கேட்கப் போனபோது அவர் கேட்டது இன்னும் மண்டைக்குள் இருக்கிறது. "ஏன்டா, சும்மா வந்து கேட்டா குடுக்க மாட்டனா? இதுக்கு எதுக்கு நாப்பது கிலோமீட்டர் ஓடணும்?" நியாயமான கேள்வி. ஒலிவோலா, ஷஃபிர் என்ற இரு ஆய்வாளர்கள் 2013இல் இதைத்தான் ஆராய்ந்தார்கள். நல்ல காரியத்துக்கு ஜாலியான விருந்து வைத்துக் காசு கேட்பதைவிட, வலியும் உழைப்பும் இருக்கிற வழியில் கேட்டால் மக்கள் கூடுதலாகத் தரத் தயாராக இருந்தார்கள். கஷ்டம் சேர்ந்ததும் காரியத்துக்கு ஒரு மதிப்பு வந்துவிடுகிறதாம். தீமிதிப்பதையும் காவடி எடுப்பதையும் பாதயாத்திரை போவதையும் பார்த்து வளர்ந்த நமக்கு இதற்கு ஆய்வு எதற்கு என்று தோன்றியது. அத்தையே வருஷா வருஷம் நடந்து கோயிலுக்குப் போகிறவர்தான்.

ஐந்து மணி பத்து நிமிஷத்தில் முடித்தேன். முப்பதாவது கிலோமீட்டரில் சுவர் வரவில்லை, முப்பத்தெட்டில் லேசாக எட்டிப் பார்த்தது, வாயில் வெல்லம் இருந்தது. மறுநாள் வசூலுக்கு அத்தை வீட்டு மாடிக்குப் போனேன். ஏறுவது எப்படியோ ஏறிவிட்டேன், இறங்குவதுதான் நரகம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது, ஓட்டத்தில் ஒவ்வொரு அடியிலும் அது செய்த வேலையும் அதுவேதான், நாற்பது ஆயிரம் தடவைக்கு மேல் செய்து அதன் இழைகள் நுணுக்கமாகக் கிழிந்திருந்தன. ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து, பின்பக்கமாகத் திரும்பி, படி படியாக இறங்கினேன். அத்தை மேலே நின்று பார்த்துக்கொண்டே, 422 ரூபாய்தானே, ஒரு ஐந்நூறாக வைத்துக்கொள் என்று இன்னும் கொஞ்சம் நோட்டை நீட்டினார். வாங்க மறுபடி மேலே ஏற வேண்டும்.