ஃபோனில் ஓடும் வீடியோ டைம்லைனில் ஏன் திக்குகிறது?

ஃபோனில் வழுக்கிக்கொண்டு ஓடிய வீடியோ, எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் (வெட்டி ஒட்டும் பட்டையில்) போட்டதும் திக்கித் திணறும். இல்லையென்றால் சத்தம் மட்டும் வரும், படம் கறுப்பாக நிற்கும். போன வாரம் போட்ட எம்பி4 ஓடியதே என்று குழம்ப வேண்டாம். எம்பி4, எம்ஓவி எல்லாம் வெறும் டப்பா. உள்ளே வீடியோவைச் சுருக்கிய முறை, அதாவது கோடெக், 2003-இல் வந்த ஹெச்.264-ஆ, 2013-இல் வந்த ஹெச்.265-ஆ என்பதே கேள்வி. கோப்புப் பெயரின் கடைசி மூன்று எழுத்தை மாற்றுவது, மிளகாய்த்தூள் டப்பாவில் மஞ்சள்தூள் என்று எழுதி ஒட்டுவது போலத்தான்.

முதலில் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து நான்கு வரிகளைப் பாருங்கள்: ஃபார்மேட் (கோடெக்), குரோமா சப்சாம்ப்ளிங் (நிற விவரம் எவ்வளவு சேமிக்கப்பட்டது, 4:2:2 போல), பிட் டெப்த் (நிறத்தின் நுணுக்கம், 8 அல்லது 10 பிட்), ஃபிரேம் ரேட் மோட் (வினாடிக்கு வரும் படங்களின் வேகம் சீரானதா, மாறுவதா). ஹெச்இவிசி என்று காட்டினால் அது ஹெச்.265தான்.

படமே வரவில்லை என்றால் பெரும்பாலும் அந்தக் கோடெக்கைப் பிரித்துப் படிக்கும் டிகோடர் இல்லை. லினக்ஸில் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு ஹெச்.264-ஐக்கூடத் திறக்காது, மாற்றித்தான் கொடுக்க வேண்டும்.

திக்குவதற்குக் காரணம் வேறு. இந்த கோடெக்குகள் எப்போதாவது ஒரு ஃபிரேமைத்தான் முழுப்படமாகச் சேமிக்கும். மற்றவற்றில் என்ன மாறியது என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். 30 ஃபிரேமுக்கு ஒரு முழுப்படம் என்றால், 29-வது ஃபிரேமில் கர்சரை வைத்ததும் கணினி முதல் ஃபிரேமிலிருந்து கணக்குப் போட்டு வர வேண்டியிருக்கும். நேராக ஓட்டினால் சுமை தெரியாது. பின்னால் இழுத்தால்தான் மூச்சு வாங்கும்.

திக்காமலிருக்க, எடிட்டிங்குக்கான கோடெக்குகளான புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்ஹெச்ஆருக்கு மாற்றுங்கள். இரண்டிலும் ஒவ்வொரு ஃபிரேமும் தனிப்படம். இதற்குக் கொடுக்கும் விலை டிஸ்க் இடம்தான்: ஐஃபோனின் 1080பி, 30 ஃபிரேம் ஹெச்.265 வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பி. புரோரெஸ் 422-இல் அதுவே 1.1 ஜிபி. டிஸ்க் சிறியது என்றால் புரோரெஸின் எடை குறைந்த வகையான புராக்ஸி போதும், நிமிடத்துக்கு 340 எம்பி சொச்சம். மூல வீடியோ 10 பிட் என்றால் டிஎன்எக்ஸ்ஹெச்ஆரில் ஹெச்க்யூஎக்ஸ் வகையை எடுங்கள். எஸ்க்யூ வகை 8 பிட்தான், அதை எடுத்தால் வண்ணம் திருத்தும்போது வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

கேமராவில் எடுத்த 4:2:2, 10 பிட் ஹெச்.265 தனி ரகம். என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய கிராஃபிக்ஸ் கார்டுகள் இதை ஹார்ட்வேரில் டிகோட் செய்யாது. 11-ஆம் தலைமுறை இன்டெல் சிப்பில் உள்ள வீடியோ பகுதியான குவிக் சிங்க் செய்யும். விலை உயர்ந்த கார்டு திணறும் இடத்தில் சாதாரண லேப்டாப் ஓட்டிக் காட்டுவது இதனால்தான்.

உதட்டசைவும் பேச்சும் போகப்போக விலகினால், மீடியாஇன்ஃபோவில் பார்த்த நான்காவது வரியில் வேரியபிள் (மாறுவது) என்று இருக்கும். வெளிச்சம் குறைந்தாலோ ஃபோன் சூடானாலோ ஃபிரேம் வேகம் மாறும். சராசரி 29.87 உள்ள 10 நிமிட வீடியோவில் இருப்பது 17,922 ஃபிரேம்கள். மென்பொருள் அதை 30 என்று எடுத்துக்கொண்டால் படம் 2.6 வினாடி முன்னதாகவே முடிந்துவிடும். ஒலியை நகர்த்தி ஒட்டவைத்துப் பயனில்லை. விலகல் சீராக இருக்காது. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் வீடியோ பகுதிக்குப் போய் ஃபிரேம் வேகம் 30, கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட், தர அளவு ஆர்எஃப் 18 என்று வைத்து மாற்றுங்கள். வெட்டத் தொடங்கும் முன்பே மாற்றுங்கள். பாதி வெட்டியபின் கோப்பை மாற்றினால் வெட்டிய இடமெல்லாம் நகர்ந்துவிடும்.

ஐஃபோன் கேமரா அமைப்பில் ஃபார்மேட்ஸ் போய் மோஸ்ட் கம்பேட்டிபிள் வைத்தால் இனி எடுப்பது ஹெச்.264-ஆக வரும். 4கே 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஹெச்.265-க்குத் திரும்பத்தான் வேண்டும்.