சூடும் வேண்டும், மொறுமொறுப்பும் வேண்டும்

குளிர்கால மாலையில் விருந்தாளிகள் வருகிறார்கள் என்று, ஒரே வாயில் போட்டுக்கொள்ளும் அளவில் சின்னச் சின்னதாகப் பொரித்து அடுக்குகிறோம். அவர்கள் உட்கார்ந்து நலம் விசாரித்து முடிப்பதற்குள் எல்லாம் ஆறிவிடுகிறது. ஆறக்கூடாது என்று மூடி வைத்தால் நமத்துவிடுகிறது. அத்தனை நேரம் அடுப்படியில் நின்றவருக்கு இது உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

முதலில் ஆறுவதைப் பார்ப்போம். சூடான பொருளுக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் வெப்பநிலை வித்தியாசம் கூடக்கூட, ஆறும் வேகமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடும். நியூட்டன் 1701-இல் சொன்னது இது. 70 டிகிரி சூட்டில் உள்ள பண்டம் 30 டிகிரி அறையில் இருந்தால் வித்தியாசம் 40. அறை 15 டிகிரி என்றால் 55. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக வேகம் கூடிவிடுகிறது. அளவும் சேர்ந்துகொள்கிறது. நான்கு சென்டிமீட்டர் கனசதுரம் ஒன்றை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் எட்டுத் துண்டுகள் கிடைக்கும். எடை அதேதான், ஆனால் சூடு வெளியேறும் பரப்பு இரண்டு மடங்கு.

அப்புறம் ஆவி. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகப் போக சுமார் 2,260 ஜூல் வெப்பம் தேவை. ஐம்பது கிராம் சூப்பிலிருந்து ஒரே ஒரு கிராம் ஆவியானால் போதும், மீதி ஏறக்குறைய 11 டிகிரி இறங்கிவிடும். அதனால் சூப்புக்கு மூடி மிகவும் நல்லது. பொரித்ததற்கு அதே மூடிதான் எதிரி.

ஏன் என்று தெரிய, எண்ணெய்க்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும். எண்ணெய் 170 முதல் 180 டிகிரி வரை காய்ந்திருக்கும். மாவு உள்ளே விழுந்ததும் அதன் மேற்பரப்பிலுள்ள தண்ணீர் ஆவியாகிச் சடசடவென்று வெளியேறுகிறது. நாம் பார்க்கும் குமிழிகள் அந்த நீராவிதான். தண்ணீர் போன மேல்தோல் காய்ந்து, மாவுச்சத்து கண்ணாடி போல விறைப்பாகிறது. கடித்தால் நொறுங்குவது அதனால்தான். உள்ளே மட்டும் ஈரம் தங்கியிருக்கும். வெளியே எடுத்த பிறகும் அந்த ஈரம் மெல்ல மெல்லத் தோலை நோக்கி நகர்கிறது. மூடி போட்டால் வெளியேறிய ஆவியும் மூடியில் பட்டுக் குளிர்ந்து, துளியாகி மேலேயே சொட்டுகிறது. ஈரம் ஏறிய மாவுச்சத்து விறைப்பை இழந்து ரப்பர் போல வளைகிறது. நமத்துப்போவது என்று நாம் சொல்வது இதைத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எண்ணெயில் பெரும்பங்கு பொரியும்போது உள்ளே போவதில்லை. வெளியே எடுத்த பிறகுதான் போகிறது. ஆறும்போது தோலின் நுண்துளைகளில் உள்ள நீராவி சுருங்க, அங்கே அழுத்தம் குறைந்து, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உறிஞ்சப்படுகிறது. எடுத்த உடனே, சூடு குறையுமுன் எண்ணெயை வடித்தால்தான் பலன்.

சரி, விருந்தன்று என்ன செய்யலாம்? எனக்கு மிகவும் பிடித்த வழி இரண்டு முறை பொரிப்பது. முன்கூட்டியே 150, 160 டிகிரியில் நிறம் ஏறாமல் வேகும்வரை பொரித்து, பரப்பி ஆறவிடுங்கள். அந்த இடைவெளியில் உள்ளிருக்கும் ஈரம் தோலுக்கு வந்து சேரும். விருந்தாளிகள் வந்ததும் 180 டிகிரியில் இரண்டாம் முறை போட்டால், ஓரிரு நிமிடத்தில் அந்த ஈரம் பறந்து, தோல் முன்னைவிட நன்றாகக் காய்ந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் எண்ணெயின் சூடு இறங்கி, நீராவி வெளியேறுவது மந்தமாகும். முதல் பொரிப்புக்கும் இரண்டாவதற்கும் இடையே வெகுநேரம் ஆகும் என்றால் ஃபிரிட்ஜில் வையுங்கள். 5 முதல் 60 டிகிரி வரையுள்ள சூட்டில் கிருமிகள் பெருகும். அதில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எதையும் விடக்கூடாது.

பொரித்ததைக் காத்திருக்க வைப்பதென்றால் ஓவனை 100 டிகிரி அளவில் வைத்து, கம்பி வலைமேல் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்புங்கள். உலர்ந்த சூடான காற்று அடியிலும் மேலிலும் புகுந்து ஆவியைக் கொண்டுபோகும். மைக்ரோவேவ் இதற்கு உதவாது. அது உள்ளிருக்கும் தண்ணீரைச் சூடாக்கி வெளியே தள்ளுகிறது. சுற்றியுள்ள காற்றோ குளிர்ந்தே இருப்பதால் அந்த ஈரம் தோலிலேயே தங்கிவிடுகிறது.

பரிமாறும் தட்டுகளையும் கடைசிச் சில நிமிடங்கள் அதே ஓவனில் வைத்து எடுங்கள். குளிர்ந்த பீங்கான், காற்றைவிட வேகமாகப் பண்டத்தின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும்.