ஷ்டோல்பர்ஷ்டைன்: தமிழில் ‘இடறுகல்’

பெர்லினிலோ கொலோனிலோ நடைபாதையில் போகும்போது, சாம்பல் நிறக் கற்களுக்கு நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளைத் தகடு மின்னும். குனிந்தால்தான் எழுத்து தெரியும்: ஒரு பெயர், பிறந்த ஆண்டு, நாடுகடத்தப்பட்ட ஆண்டு, பல கற்களில் கடைசி வரியாக ‘ஆவுஷ்விட்சில் கொல்லப்பட்டார்’ (ஆவுஷ்விட்ஸ் என்பது நாஜிகளின் வதைமுகாம்). ஜெர்மானியர்கள் இதை ஷ்டோல்பர்ஷ்டைன் என்கிறார்கள்.

ஷ்டோல்பர்ன் என்றால் கால் இடறுதல், ஷ்டைன் என்றால் கல். இடைஞ்சல் என்ற பொருளில் ஏற்கெனவே புழங்கிய சொல்தான். அதை இந்த நினைவுக்கற்களுக்கு வைத்தவர் குன்ட்டர் டெம்னிக் என்ற கலைஞர். 1992-ல் கொலோன் நகர்மன்றத்தின் முன்னால் முதல் கல்லைப் பதித்தார். யூதர்கள், ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட சின்ட்டி-ரோமா மக்கள், மாற்றுத்திறனாளிகள், தன்பாலீர்ப்பாளர்கள், அரசியல் எதிரிகள் என்று நாஜிகளிடம் சிக்கிய யாராக இருந்தாலும் ஆளுக்கொரு கல். 10 செ.மீ. கான்கிரீட் கட்டி, மேலே பித்தளை, எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் அடிக்கிறார்கள். 2023-ல் ந்யூரம்பர்கில் 1,00,000-ஆவது கல்லைப் பதித்தார்கள்.

பெயர் காலில் மிதிபடலாமா என்ற கேள்வி நமக்கு உடனே வரும், இல்லையா? மியூனிக்கில் யூத சமூகத் தலைவர்களே அப்படிக் கேட்டார்கள், அதனால் அந்நகரப் பொதுத் தெருக்களில் இதற்கு அனுமதி இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘தடைக்கல்’ என்றால் முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை என்று அர்த்தம் போய்விடும். ‘நடுகல்’ நல்ல சொல், ஆனால் அது வீரனுக்கு நிமிர்த்தி நட்டு வழிபடும் கல். இதுவோ தரையோடு தரையாகக் கிடப்பது. ‘நினைவுக்கல்’ தப்பில்லை, கால் இடறும் அந்த ஒரு நொடிதான் அதில் இல்லை. மனதை நெருடுவதால் ‘நெருடற்கல்’ என்றும் யோசித்துப் பார்த்தேன், ஆனால் அதில் மனம் மட்டும் இருக்கிறது, கால் இல்லை. ‘இடறுகல்’தான் எனக்குச் சரியாகப் படுகிறது, கால் இடறும், நாக்கு இடறும், நினைப்பும் இடறும்.

அப்புறம், பெரும்பாலான கற்களின் முதல் வரியான ‘ஹியர் வோன்டெ’யைப் பலரும் ‘இங்கே வாழ்ந்தார்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘இங்கே குடியிருந்தார்’ என்பதே சரி. அவர் தன் விருப்பப்படி கடைசியாகக் குடியிருந்த வீட்டு வாசலில்தான் பெரும்பாலும் அந்தக் கல்லைப் பதிக்கிறார்கள்.