பள்ளி மாவட்டம் என்றால் எந்த மாவட்டம்?

"சிறிய பள்ளி மாவட்டங்களை இணைப்பதா, மூடுவதா?" அமெரிக்கச் செய்தி ஒன்றின் தமிழாக்கத்துக்கு இப்படி ஒரு தலைப்பு. இலங்கை மலையகத்தின் ஹட்டனில், தேநீர்க் கடையில் அதை வாசித்த நண்பர் கேட்டார்: "மாவட்டத்த எப்படிங்க மூடுவாங்க?" நியாயமான கேள்விதான். நமக்கு மாவட்டம் என்றால் நுவரெலியா, பதுளை, கண்டி. கச்சேரி (மாவட்டச் செயலகம்) இருக்கிற விஷயம்.

மூலச்சொல் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். டிஸ்ட்ரிக்ட் என்பதன் வேர், பிடித்து நிறுத்துதல் என்ற பொருளுள்ள ஒரு லத்தீன் வினை. இடைக்கால ஐரோப்பாவில் ஒரு பிரபுவின் நீதி அதிகாரம் செல்லும் நிலப்பரப்புக்கு அது பெயரானது. நிலத்தைவிட அதிகாரந்தான் அந்தச் சொல்லில் மூத்தது. அமெரிக்கப் பள்ளி மாவட்டத்திலும் அது போகவில்லை. பெரும்பாலான இடங்களில் மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்யும் சபை ஒன்று இருக்கும். ஆசிரியரை அதுவே நியமிக்கும். வீடு, காணி வரியிலிருந்து (நம்மூர்ச் சோலைவரி போல) பணம் வரும். 1939-40 இல் 117,000க்கு மேல் இருந்தவை இப்போது ஏறத்தாழ 13,000. ஹவாயில் மாநிலம் முழுவதற்கும் ஒன்றே ஒன்று. அந்த இணைப்புகளோடு ஓராசிரியர் பள்ளிகள் ஏராளமாக மறைந்தன என்பது உண்மை. ஆனாலும் அங்கே இரண்டு சபைகள் ஒன்றாகி, இரண்டு பள்ளிகளும் திறந்தே இருக்க வழியுண்டு.

சரி, தமிழில் என்ன சொல்வது? உடனே வாயில் வருவது நம் கல்வி நிர்வாகப் பிரிவான 'வலயம்'. நுவரெலியா மாவட்டத்திலேயே நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குரன்கெத்த என ஐந்து கல்வி வலயங்கள். வடமொழியில் வலயம் என்றால் கைவளை. அது எதற்கு ஈடாக வந்ததோ, அந்த ஆங்கில 'சோன்' கிரேக்கத்தில் இடுப்புக் கச்சை. ஒன்று கைக்கு, மற்றது இடுப்புக்கு! வலயத்துக்குக் கீழே வரும் 'கோட்டம்' இன்னும் பழையது: வளைவு என்ற பொருளில் பிறந்து, தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஆட்சிப் பிரிவானது. எனக்குப் பிடித்த சொல்.

ஆனால் இரண்டுமே இங்கே பொருந்தா. வலயப் பணிப்பாளர் நியமிக்கப்படும் அதிகாரி. வரி போட அவரால் முடியாது. எல்லாம் வளைவாகவும் வட்டமாகவும் இருக்க, அதிகாரம் மட்டும் எங்கேயும் இல்லை. ஆகவே 'பாடசாலைச் சபைப் பிரதேசம்' என்பேன். நீளந்தான். ஆனால் பிரதேச சபைக்கு வாக்களித்தவர்களுக்கு உடனே விளங்கும். (தேயிலைத் தோட்டத்துக்காரர்களும் வாக்களித்துத்தான் வந்தார்கள், அந்தச் சபை தோட்டத்துக்குள் செலவு செய்ய 2018 இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது என்பது தனிக் கதை.)

அப்புறம் 'இணைப்பு' என்ற சொல். நம் மலைகளில் இணைக்கச் சபை கிடையாது. இருப்பது பள்ளிக்கூடம் மட்டுமே. 1977 முதல் அரசு படிப்படியாகப் பொறுப்பேற்ற தோட்டப் பாடசாலைகளில் தரம் 5 வரை மட்டுமே உள்ளவை பல. தோட்டத்தின் மேல் டிவிசன் (பிரிவு) பள்ளியைக் கீழே உள்ளதோடு சேர்த்தால், ஆறு வயதுப் பிள்ளை மழையிலும் மூடுபனியிலும் தேயிலை மலையை இறங்கி ஏற வேண்டும். அதிகாரிகளின் கடிதத்தில் அதற்கு இணைப்பு என்று பெயர். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், "ஸ்கூல மூடிட்டாங்க."